ஒன்பது சதவீதம் வாங்கும் அரசு எதற்குப் பொறுப்பு?

தமிழ்நாட்டில் 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய வீட்டை வாங்கும் குடும்பம், முத்திரைத் தீர்வையாக 7 சதவீதமும் பதிவுக் கட்டணமாக 2 சதவீதமும் அரசுக்குச் செலுத்துகிறது. மொத்தம் 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். நகையை அடகு வைத்தும், வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்தும் இந்தத் தொகையைத் திரட்டுபவர்கள் உண்டு. இவ்வளவையும் வாங்கிக்கொண்டு அரசு என்ன தருகிறது? இந்த வீடு இனி உங்களுடையது என்ற உறுதியைத் தருவதில்லை. இன்ன தேதியில் இன்னார் இன்னாருக்கு இந்தப் பத்திரத்தை எழுதிக்கொடுத்தார் என்பதற்கான பதிவை மட்டும்தான் தருகிறது. எழுதிக்கொடுத்தவருக்கு அந்த வீட்டை விற்கும் உரிமை இருந்ததா என்ற கேள்விக்கு, பத்திரத்தில் சார்பதிவாளரின் முத்திரை விழுந்த பிறகும் பதில் கிடையாது.

சட்டமே அப்படித்தான் இருக்கிறது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிவு செய்யச் சொல்கிறதே தவிர, விற்பவரின் உரிமையை விசாரிக்கச் சொல்லவில்லை. விற்பவர் தன் மூல ஆவணத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாடு அரசு 55ஏ என்ற விதியைக் கொண்டுவந்தது. போலிப் பத்திரங்களைத் தடுக்கும் நல்ல நோக்கத்தில் வந்த விதி அது. ஆனால், உரிமையைச் சரிபார்க்கும் அதிகாரத்தைத் தாய்ச் சட்டம் சார்பதிவாளருக்குக் கொடுக்கவே இல்லை என்று கூறி, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. அதன் உள்ளடக்கத்தைச் சட்டத்திருத்தமாகவே கொண்டுவர மாநில அரசு பிறகு முனைந்தது. அந்தத் திருத்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தாலும், மூலப் பத்திரத்தைப் பார்ப்பது என்ற அளவில்தான் நிற்கும். உரிமைக்கு அரசு உத்தரவாதம் என்பது அதில் இல்லை.

ஆக, முழுச் சுமையும் வாங்குபவர் தலையில் விழுகிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி, சாதாரண கவனத்தோடு விசாரித்தால் தெரியவராத குறைகளை விற்பவர் தானாகவே சொல்லியாக வேண்டும். விசாரித்தால் தெரிந்திருக்கும் என்ற வகைக் குறைகளுக்கு வாங்குபவர்தான் பொறுப்பு. அந்தச் 'சாதாரண கவனம்' நம் ஊரில் எவ்வளவு அசாதாரணமான உழைப்பைக் கேட்கிறது என்பதை வாங்கியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

வீடு வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி வில்லங்கச் சான்று பற்றியது. 'ஈசி போட்டுப் பார்த்தாச்சு, சுத்தமாக இருக்கிறது' என்று புரோக்கர் சொன்னதும் பாதிப் பேர் அட்வான்ஸ் தொகையைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். கேட்ட சர்வே எண்ணில், கேட்ட காலத்தில், சொத்து ஆவணங்களுக்கான முதல் புத்தகத்தில் பதிவானவற்றை மட்டுமே அந்தச் சான்று காட்டும். 1975 முதலான விவரங்களைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் யார் வேண்டுமானாலும் பார்க்க முடிகிறது. இது பெரிய முன்னேற்றம்; பதிவுத் துறையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், ஆபத்து இருப்பது பெரும்பாலும் அந்தச் சான்றுக்கு வெளியேதான். பதிவு செய்யப்பட்ட உயில்கூட மூன்றாம் புத்தகத்தில் இருப்பதால் அதில் வராது. வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினை வராது. இறந்தவரின் வாரிசுகள் வர மாட்டார்கள். அந்த வீட்டின் மீது பக்கத்துத் தெரு நீதிமன்றத்தில் பத்து வருடமாக நடக்கும் வழக்கும் வராது.

அடமானத்துக்கும் இதே நிலைதான். அறிவிக்கை செய்யப்பட்ட நகரங்களில், அசல் பத்திரத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்தாலே சட்டப்படி அடமானம் உண்டாகிவிடுகிறது. வங்கிகள் இப்போது அதற்கான குறிப்பாணையைப் பதிவு செய்கின்றன. அது வில்லங்கச் சான்றில் தெரியும். தனியாரிடம் எழுத்தே இல்லாமல் கொடுத்து வைத்தது தெரியாது. 'மூலப் பத்திரம் தொலைந்துபோய்விட்டது, நகல் இருக்கிறது' என்று விற்பவர் சொல்லும் இடத்தில் வாங்குபவர் கட்டாயம் நின்று யோசிக்க வேண்டும். காவல் துறையின் கண்டுபிடிக்க இயலாச் சான்றும் நாளிதழ் விளம்பரமும் குறைந்தபட்சத் தேவைகள். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பதிவு செய்துள்ள அடமானங்களைத் தேட, செர்சாய் என்ற மத்தியப் பதிவகம் 2011 முதல் இருக்கிறது. சிறு கட்டணத்தில் யாரும் தேடலாம். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அடுத்தது பட்டா. பட்டா கையில் இருந்தால் சொத்து தன்னுடையது என்ற நம்பிக்கை கிராமத்திலும் நகரத்திலும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வருவாய்த் துறையின் பதிவேடு உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. யாரிடம் நிலவரி வசூலிப்பது என்பதற்காக எழுதப்பட்ட கணக்கு அது. அதிலும், 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் நுழைந்த பிழைகள் இன்றும் தாலுகா அலுவலகங்களில் மனுக்களாகக் குவிந்து கிடக்கின்றன. ஒருவர் நிலம் இன்னொருவர் பெயரில் ஏறியது, பரப்பு குறைந்தது, தனிப்பட்டா கூட்டுப்பட்டா ஆனது என்று அந்தப் பிழைகளில் பல வகை உண்டு. அதற்காகப் பட்டா வேண்டாம் என்று பொருளில்லை. பத்திரத்தில் உள்ள பெயர், பரப்பு, நான்கெல்லை மூன்றும் பட்டாவோடும் புலப்படத்தோடும் பொருந்துகின்றனவா, அவை நேரில் சங்கிலி போட்டு அளந்ததோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கத்தான் அது பயன்படும். பொருந்தவில்லை என்றால் பேச்சுவார்த்தையை அங்கேயே நிறுத்தி, விற்பவரைத் திருத்தி வரச் சொல்ல வேண்டும். 'கிரயம் முடிந்ததும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்' என்பதை ஏற்கவே கூடாது.

நிலத்தின் வகையும் இங்கேதான் தெரியவரும். கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியில்லாமல் விற்க 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. 1892-ஆம் ஆண்டின் அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள், நிபந்தனைகளை மீறிக் கைமாறி இன்று மனைப்பிரிவுகளுக்குள் கலந்து கிடக்கின்றன. அந்த நிலம் அதற்குரிய மக்களிடம் திரும்பிப் போக வேண்டியது நியாயம். அதைத் தெரியாமல் வாங்கிய நடுத்தரக் குடும்பம் விற்றவரைத் தேடி அலைகிறது. சர்வே எண்ணின் ஆதி வகைப்பாட்டை வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் பார்த்துவிட்டு வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது வாரிசுகளின் கேள்வி. வழக்குகள் முளைக்கும் இடமும் இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஓர் இந்துக் குடும்பத் தலைவர் தன் சம்பாத்தியத்தில் வீடு கட்டி, உயில் எழுதாமல் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். மூவரும் கையெழுத்துப் போட்டால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இறந்தவரின் தாய் அன்றைக்கு உயிரோடு இருந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன் இறந்தால் தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆக, பங்கு மூன்றல்ல, நான்கு. பிறகு அந்தப் பாட்டியும் உயில் எழுதாமல் இறக்கிறார். அவருடைய நான்கில் ஒரு பங்கு, அவர் பெற்ற மற்றப் பிள்ளைகளுக்கும், அதாவது பெரியப்பா, சித்தப்பா, அத்தைகளுக்கும் போய்ச் சேர்கிறது. வெளியூரில் கட்டிக்கொடுத்த அத்தைக்குத் தன் தம்பி வீட்டில் தனக்கு ஒரு துளிப் பங்கு இருப்பதே தெரியாது. அவருடைய பேரனுக்கு ஒருநாள் தெரியவரும். அன்று அந்த வீட்டில் குடியிருப்பவர் அதை வாங்கிய மூன்றாம் மனிதர்.

வாரிசுச் சான்றிதழ் இதற்கு முழுப் பாதுகாப்பு ஆகாது. வட்டாட்சியர் விண்ணப்பத்தையும் உள்ளூர் விசாரணையையும் வைத்துக் கொடுக்கும் சான்று அது. விடுபட்ட வாரிசின் உரிமையை அது பறிக்காது. சான்றிதழ் எந்த ஆண்டில் வாங்கப்பட்டது, அதற்கு முன்பே இறந்துபோன வாரிசு யாராவது உண்டா என்று தனியே விசாரிக்க வேண்டும். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களில் பங்குக் கணக்கே வேறு. வாரிசுகளில் 18 வயது நிரம்பாதவர் இருந்தால், தகப்பன் சொத்தில் அந்தக் குழந்தைக்கு வந்த பங்கை விற்கத் தாயே கையெழுத்துப் போட்டாலும் போதாது. நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் நடந்த விற்பனையை, அந்தக் குழந்தை மேஜரான மூன்று ஆண்டுகளுக்குள் எதிர்த்து வழக்குப் போட முடியும்.

பெண்களின் பங்கைப் பற்றி நம் வீடுகளில் இன்னும் நேர்மையாகப் பேசப்படுவதில்லை. 'நகை போட்டு, சீர் செய்து கட்டிக்கொடுத்தாச்சு' என்ற ஒற்றை வாக்கியத்தில் மகளின் பங்கை முடித்துவிடுகிறார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. அதற்கு முன்பு மணமான மகள்கள் மட்டும் விலக்கப்பட்டிருந்தார்கள். 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்திருத்தம் அந்த விலக்கையும் நீக்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பு முறையாக முடிந்த பாகப்பிரிவினை, விற்பனை போன்ற சொத்து மாற்றங்களுக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு. ஆகவே, அண்ணன் தம்பிகள் மட்டும் விற்க முன்வந்தால், அக்கா தங்கைகளின் பங்கு என்ன ஆயிற்று என்று வாங்குபவர் கேட்டே ஆக வேண்டும். பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர்களும் விற்பவர்களாகவே கையெழுத்திட வேண்டும். சாட்சிக் கையெழுத்து வாங்கிச் சமாளிக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்து மட்டும் பத்திரத்தில் உள்ளதற்குச் சம்மதம் ஆகிவிடாது. வாங்குபவரின் பாதுகாப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்களுக்கு அது சேர வேண்டிய பணம்.

பெற்றோர் மகனுக்கோ மகளுக்கோ செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்த வீட்டை வாங்கும்போது இன்னொரு கேள்வியும் உண்டு. பராமரிப்பதாக ஏற்றுக்கொண்டு சொத்தைப் பெற்றவர் பெற்றோரைக் கைவிட்டால், 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்க வழியிருக்கிறது. அந்தப் பெரியவரை நேரில் பார்த்து, அவரும் மனமுவந்து சம்மதிக்கிறாரா என்று தெரிந்துகொள்வது சட்டத்துக்கும் நல்லது, மனசாட்சிக்கும் நல்லது.

வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் சட்டம் கணக்கில் எடுக்கிறது. சொத்தில் அனுபவத்தில் இருப்பவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ, அது வாங்குபவருக்குத் தெரியும் என்றே சட்டம் கருதும். கதவைத் தட்டி, 'நீங்கள் வாடகைக்கு இருக்கிறீர்களா, ஒத்திக்கா, வேறு ஏதும் ஒப்பந்தம் உண்டா' என்று கேட்காமல் வந்தவர், எனக்குத் தெரியாது என்று பின்னால் சொல்ல முடியாது.

பவர் பத்திரம் பற்றிய கேள்விக்கு நேரான பதில் உண்டு. பவர் பத்திரம், கிரய ஒப்பந்தம், உயில் மூன்றையும் சேர்த்து எழுதிக்கொடுத்து வீடு கைமாறிவிட்டது என்று சொல்லும் வழக்கத்தை, 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. பதிவான கிரயப் பத்திரம் மூலமாகத்தான் விற்பனையில் உரிமை மாறும். பவர் வைத்திருப்பவர் உரிமையாளருக்காகக் கிரயப் பத்திரம் எழுதிக்கொடுக்கலாம், அது செல்லும். ஆனால், சில விதிவிலக்குகள் தவிர, பவர் கொடுத்தவர் இறந்த அன்றே அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. அவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று பார்த்து, முடிந்தால் அவரிடமே பேசி, பணத்தை அவருடைய வங்கிக் கணக்குக்கே அனுப்ப வேண்டும். 'எனக்கே போட்டுவிடுங்கள்' என்று பவர் முகவர் வற்புறுத்தினால் அந்த வீட்டை விட்டுவிடுவதே நல்லது.

இனி அட்வான்ஸ். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையும் சொத்து தொடர்பான பவர் பத்திரத்தையும் பதிவு செய்வது கட்டாயம். ஆனாலும், 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைக்கும் பழக்கம் போகவில்லை. பதிவாகாத ஒப்பந்தத்தையும் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கொன்றில் கூறியது உண்மைதான். அதை நம்பிப் பதிவைத் தவிர்ப்பது தவறு. உங்கள் ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறவில்லை என்றால், அதே வீட்டுக்கு அடுத்த வாரம் இன்னொருவர் அட்வான்ஸ் கொடுப்பதைத் தடுக்க ஒன்றுமில்லை. ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

விற்பவரின் பக்கத்தை நம் கட்டுரைகளும் கருத்தரங்குகளும் அதிகம் பேசுவதில்லை. பதிவு செய்த ஒப்பந்தம் போட்டு, சொற்ப அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வாங்க வந்தவர் காணாமல் போனால் என்ன ஆகும்? அந்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் நின்றுகொண்டே இருக்கும். ரத்துப் பத்திரத்துக்கு இருவரும் வந்து கையெழுத்திட வேண்டும். மகள் கல்யாணத்துக்காக வீட்டை விற்க வந்தவர் அடுத்து வாங்க வருபவரிடமும் வங்கியிடமும் விளக்கம் சொல்லியே களைத்துப்போகிறார். ஒப்பந்தத்தில் கெடு தேதி, கெடு தவறினால் அட்வான்ஸ் என்ன ஆகும், ரத்து எப்படி என்ற மூன்றையும் தெளிவாக எழுதாமல் விற்பவர் கையெழுத்திடக் கூடாது. முழுப் பணம் வரும் முன்பு சாவியையோ அசல் பத்திரத்தையோ கொடுக்கவும் கூடாது. வீட்டுக் கடன் பாக்கி இருந்தால், கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

புதிய அடுக்குமாடி வீடுகளில் நிலைமை ஓரளவு மேல். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு, பதிவான ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது; கட்டுமானக் குறைகளுக்கு ஐந்து ஆண்டுகள் கட்டுநர் பொறுப்பு. திட்டத்தின் பதிவு எண்ணை ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை. மனை என்றால் அங்கீகாரம் முக்கியம்: அங்கீகாரமில்லாத மனைகளில் 2016 அக்டோபர் 20-க்கு முன்பு உருவானவற்றுக்குத்தான் வரன்முறைத் திட்டம் கொண்டுவரப்பட்டது.

ரொக்கம் பற்றி ஒரு சொல். பாதியைப் பத்திரத்தில் காட்டி, பாதியைக் கையில் கொடுப்பது ஊரறிந்த வழக்கம். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ அட்வான்ஸை ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் 2015 முதல் தடை இருக்கிறது. மீறினால் அதே அளவு தொகை அபராதம். பின்னால் உரிமையில் குறை தெரிந்து பணத்தைத் திரும்பக் கேட்கும்போது, பத்திரத்தில் எழுதிய தொகையைத்தான் நிரூபிக்க முடியும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்து விற்பவர் பெயரில் வரியாகக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் பிடித்தம் இதைவிடப் பல மடங்கு. அதைப் பிடிக்கத் தவறினால் வருமான வரித் துறை வாங்கியவரிடம்தான் வரும்.

இவ்வளவையும் ஒரு பள்ளி ஆசிரியரோ, பேருந்து ஓட்டுநரோ, மளிகைக் கடைக்காரரோ தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை வாங்கும் வீட்டுக்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? வங்கி கடன் கொடுத்துவிட்டது, அவர்களுடைய வழக்கறிஞர் பார்த்துவிட்டார் என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்த வழக்கறிஞர் வங்கியின் கடனுக்கு ஈடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். வீடு கைநழுவினாலும் வங்கிக்கு மாதத் தவணை வந்தாக வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தனக்கென ஒரு வழக்கறிஞரிடம் குறைந்தது 30 ஆண்டு ஆவணத் தொடர்ச்சியைக் கொடுத்துக் கருத்துக் கேட்பதுதான் பாதுகாப்பு.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஏமாந்தவருக்கு என்ன வழி? ஆள்மாறாட்டத்தில் போலிப் பத்திரம் பதிவானால் அதை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022-இல் தமிழ்நாடு 77ஏ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. அலைந்து களைத்த பலருக்கு அது நம்பிக்கையாக இருந்தது. உரிமைச் சிக்கலைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை என்று கூறி, சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. சட்டக் கோட்பாட்டின்படி அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால், ஏமாந்தவர் மறுபடி உரிமையியல் நீதிமன்றப் படியேற வேண்டும். அங்கே உரிமையை நிலைநாட்டிச் சொத்தை மீட்க, சொத்து மதிப்பில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். பதிவுக்கு ஒன்பது கட்டியவர், பதிவு கொடுக்காத உறுதியைத் தேட இன்னும் மூன்று கட்டுகிறார்.

உரிமைக்கு அரசே உத்தரவாதம் தரும் முறை உலகத்தில் இல்லாததல்ல. ராபர்ட் டாரன்ஸ் தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-இல் தொடங்கிவைத்த முறையில், அரசின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். தமிழர்கள் தலைமுறைகளாக வீடு வாங்கி வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்த முறைதான். இங்கிலாந்தில் பதிவேட்டுப் பிழையால் ஒருவர் நஷ்டப்பட்டால் நிலப் பதிவகம் ஈடுகட்டுகிறது. அந்த இடத்தை நோக்கி நகர்வதுதான் நோக்கம் என்று 2008-இல் நிலப் பதிவேடுகளை நவீனப்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியபோது மத்திய அரசும் சொன்னது. கணினிமயமாக்கல் நடந்தது. உத்தரவாதம் வரவில்லை.

பழைய பதிவேடுகள் இவ்வளவு குழம்பியிருக்கும்போது அரசு எப்படி உத்தரவாதம் தரும் என்று அதிகாரிகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அப்படியென்றால், குழப்பம் குறைந்த இடத்தில் தொடங்கலாம். புதிய மனைப்பிரிவுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் அரசுதான் அங்கீகாரம் தருகிறது. ஒழுங்குமுறை ஆணையம்தான் ஆவணங்களைப் பார்த்துப் பதிவு எண் கொடுக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, நிலத்தின் உரிமைக்குக் கட்டுநர் காப்பீடு எடுக்க வேண்டும் என்று உத்தரவிட மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அறிவிக்கை வெளியிட்டால் போதும். இறப்புப் பதிவு, பட்டா, வில்லங்கம் மூன்றும் இன்று அரசின் கணினிகளில்தான் இருக்கின்றன. பட்டாதாரர் இறந்த செய்தி அவருடைய சர்வே எண்ணில் ஒரு குறிப்பாக ஏறினால், வாரிசுகளை மறைத்து விற்பது வெகுவாகக் குறையும்.

எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டியது வழக்குகளின் பதிவு. நிலுவையில் வழக்குள்ள சொத்தை வாங்கியவர், வழக்கே தெரியாமல் வாங்கியிருந்தாலும் அதன் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. நீதிமன்ற இணையதளத்தில் பெயரை வைத்து வழக்கைத் தேடலாம். சர்வே எண்ணை வைத்துத் தேட முடியாது. பழைய பம்பாய் மாகாணம் 1939-லேயே இதற்கு ஒரு திருத்தம் செய்தது. வழக்குப் போட்டவர் அதைப் பற்றிய அறிவிப்பைச் சொத்தின் விவரத்தோடு பதிவு அலுவலகத்தில் பதிந்தால்தான், இடையில் வாங்கியவரை அது கட்டுப்படுத்தும். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் அந்த ஏற்பாடு இன்றும் இருக்கிறது. அதே திருத்தத்தைத் தமிழ்நாடு கொண்டுவந்தால், வழக்கு இருக்கிறதா என்ற கேள்விக்கு வில்லங்கச் சான்றிலேயே பதில் கிடைத்துவிடும். அதற்கு மறு நில அளவை வேண்டாம், புதிய துறை வேண்டாம். சட்டப்பேரவையில் ஒரு மசோதாவும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் போதும். பதிவுத் துறை அமைச்சர் அந்த மசோதாவை வரும் கூட்டத்தொடரிலேயே அவையில் வைக்க வேண்டும்.